வெடியுப்பும் யூரியாவும்

2025-ஆம் வருஷத்துக் காரிப் பருவத்தில், நமது தேசத்தின் பல ராஜ்யங்களில், குடியானவர்கள் ஒரு மூட்டை யூரியாவுக்காகக் கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில் நெடுநேரம் வரிசையாக நின்றனர் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளிவந்த வண்ணம் இருந்தது. சீனா தனது ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது ஒரு காரணம் என்றும், மழை நன்றாகப் பெய்து சாகுபடி அதிகரித்தது மற்றொரு காரணம் என்றும் கூறப்பட்டது. ராஜ்ய சர்க்கார்கள் மத்திய சர்க்காரைக் குறை கூறின. மத்திய சர்க்கார் பதுக்கலையும் கள்ளச் சந்தையையும் குறை கூறிற்று. இவை யாவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வாதப் பிரதிவாதங்களில் அடிப்படையான ஒரு கேள்வி எழவேயில்லை. இவ்வளவு சிரமப்பட்டு வாங்கி நிலத்தில் இடும் யூரியா எங்கே போகிறது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை காணாதவரையில் எத்தனை கப்பல்கள் வந்தாலும் வரிசை குறையாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023-24-ல் நமது தேசம் செலவிட்ட யூரியா சுமார் 358 லட்சம் டன். அவ்வருஷம் அந்நிய நாடுகளிலிருந்து இறக்குமதியானது சுமார் 70 லட்சம் டன். உள்நாட்டு ஆலைகளில் உற்பத்தியானது சுமார் 314 லட்சம் டன். உள்நாட்டு உற்பத்தி என்ற பெயரைக் கேட்டு மகிழ்வதற்கும் இடமில்லை. யூரியா செய்வதற்கு மூலப்பொருளான இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி கத்தார் முதலிய தேசங்களிலிருந்து திரவமாக்கப்பட்டுக் கப்பலேறி வருகிறது. ஆலை நம்முடையது, அடுப்பில் எரிவது அந்நியருடையது. 2022-ல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்து எரிவாயு விலை ஏறியபோது, அதன் சூடு நமது பொக்கிஷத்தைத் தாக்கிற்று. 2022-23-ல் மத்திய சர்க்கார் உர மான்யத்துக்காகச் செலவிட்ட தொகை 2.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அதிகம். இவ்வளவுக்கும், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு 2018-ல் நிர்ணயித்த விலை, வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாயே. மிச்சச் செலவு முழுவதையும் வரி செலுத்தும் பிரஜைகள் தாங்குகின்றனர்.

இப்படி வாங்கிய உரத்தில் பயிருக்குச் சேர்வது எவ்வளவு? நன்செய் நெல்லுக்கு இடும் யூரியாவிலுள்ள நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு என்பதே விவசாய விஞ்ஞானிகள் பல காலமாகக் கூறிவரும் கணக்கு. மீதியில் ஒரு சிறு பகுதி மண்ணில் தங்குகிறது. மற்றதெல்லாம் காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. பத்து மூட்டை வாங்கினால் ஐந்துக்கு மேல் நஷ்டம் என்ற வியாபாரத்தை எந்த வர்த்தகரும் ஒரு வருஷத்துக்கு மேல் நடத்த மாட்டார். நாம் இதை ஒரு தலைமுறைக்கு மேலாக நடத்தி வருகிறோம்.

இந்த நஷ்டத்துக்குக் காரணம் குடியானவரின் அறியாமை என்று சொல்வது சுலபம், அது நியாயமன்று. காரணத்தை அறிய வேண்டுமாயின் மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களையும் நமது தேசத்தின் சீதோஷ்ணத்தையும் சற்று ஆராய வேண்டும். நைட்ரஜன் விஷயத்தில் உண்மையான சர்க்கார் டில்லியில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. அந்தச் சர்க்காரின் சட்டத்தை அறியாமல் இயற்றப்படும் எந்தச் சட்டமும் செல்லுபடியாகாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. ஒவ்வோர் ஏக்கர் நிலத்தின் மேலும் 30,000 டன்னுக்கு அதிகமான நைட்ரஜன் கவிந்து நிற்கிறது. ஆயினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால், பயிர் அதிலிருந்து ஒரு குன்றிமணி அளவும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை அறுக்கும் வல்லமை சில நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவரை இனத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் கிருமிகள் இத்தொழிலைச் செய்கின்றன என்பதை 1886-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மன் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். 1888-ல் ஹாலந்து தேசத்து பேயரிங்க் அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். உளுந்தும் பயறும் விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்று நமது பாட்டனார்கள் அறிந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

வேறு சில நுண்ணுயிர்கள் சாணம், தழை, மூத்திரம் முதலியவற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றுகின்றன. மற்றொரு கூட்டம் அந்த அமோனியாவை நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றுகிறது. ருஷ்ய விஞ்ஞானியான வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டி இக்கூட்டத்தைக் கண்டறிந்தார். இந்தத் தொழிலில் பாக்டீரியாக்கள் மட்டுமன்றி ஆர்க்கியா என்ற வேறொரு குலத்து நுண்ணுயிர்களும் ஈடுபட்டுள்ளன என்பது 2005-ல் வெளியாயிற்று. இதன் இரு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்து முடிக்கக்கூடும் என்பது 2015-ல்தான் தெரிய வந்தது. இறுதியாக ஒரு கூட்டம் உண்டு. காற்றுப் புகாத ஈர மண்ணில் அது நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கி உயிர் வாழ்ந்து, நைட்ரஜனை மீண்டும் ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகிறது. காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே திரும்பும் இச்சக்கரம் மனிதன் ஏர் பிடிக்கும் முன்பிருந்தே சுழன்று வருகிறது.

இச்சக்கரத்தின் வேகத்தை நிர்ணயிப்பது சீதோஷ்ணம். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் நுண்ணுயிர்களின் தொழில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இங்கிலாந்து போன்ற குளிர்தேசத்தில் வருஷத்தில் பல மாதங்கள் மண் உறங்குகிறது. இட்ட தழையும் எருவும் மெதுவாக மக்கி, மக்கு மண்ணில் சேர்ந்துகொண்டே வருகிறது. நமது தேசத்திலோ மண் உறங்குவதில்லை. வருஷம் முழுவதும் வெயில் காய்கிறது. நுண்ணுயிர்கள் இட்டதை விரைவில் தின்று தீர்த்துவிடுகின்றன. நமது சாகுபடி நிலங்களில் பலவற்றில் அங்ககக் கரி நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை என்பதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஆகவே குளிர்தேசத்து மண்ணைவிட நமது மண்ணுக்கு அடிக்கடி தழையும் எருவும் ஊட்ட வேண்டும். அதை நிறுத்திவிட்டு யூரியாவை மட்டும் கொட்டுவது, அஸ்திவாரத்தைப் பெயர்த்துக் கூரை வேய்வது போன்றது.

உஷ்ணம் மட்டுமன்று, மழையின் போக்கும் இதில் சேர்ந்தது. கோடையில் காய்ந்து கிடந்த மண்ணின் மீது முதல் மழை விழுந்ததும், அடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் திடீரென விழித்தெழுந்து, இறந்த உயிர்களையும் மக்கையும் உண்டு, ஏராளமான நைட்ரஜனைப் பயிர் உண்ணும் உருவத்தில் வெளியிடுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்த பர்ச் என்பவர் 1958-ல் இதை விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நமது குடியானவர் சொல்லிவந்தது, இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்ததனால்தான். ஆனால் அத்தங்கத்தை வாங்கிக்கொள்ள நிலத்தில் பயிரின் வேர் காத்திருக்க வேண்டும். இல்லையேல் அடுத்த பெருமழை அதை வாரிக்கொண்டு போய்விடும். உஷ்ணமும் பெருமழையும் அதிகரித்து வரும் இக்காலத்தில் அந்த அபாயமும் வளர்ந்து வருகிறது.

இந்த நுண்ணுயிர்களும் இந்தச் சீதோஷ்ணமும் நமக்குச் சாபமாகவே இருந்தன என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ஒரு காலத்தில் இவ்விரண்டினாலும் உலகத்துக்கே நைட்ரஜன் கொடுத்த தேசம் இது. பீகாரில் திர்ஹூத், சாரண், சம்பாரண் முதலிய ஜில்லாக்களின் கிராமங்களில், மாட்டுத் தொழுவங்களின் அருகிலும் பழைய மண் சுவர்களின் அடியிலும், கால்நடைகளின் மூத்திரத்தையும் வீட்டுக் குப்பையையும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றின. அடுப்புச் சாம்பலின் பொட்டாஷ் அதனுடன் சேர்ந்தது. மழைக்காலம் கழிந்து வறட்சி வந்ததும் மண்ணின் ஈரம் மேலேறி ஆவியாக, வெண்மையான உப்பு தரையில் பூத்தது. நூனியா வகுப்பினர் அதைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுத்தனர். அதுவே வெடியுப்பு. அதுவின்றி வெடிமருந்து இல்லை; வெடிமருந்து இன்றி அக்காலத்தில் யுத்தம் இல்லை.

குளிர்ந்த ஐரோப்பாவில் குப்பை மேடுகள் அமைத்துப் பல மாதங்கள் காத்திருந்து சொற்பமாக எடுத்த பொருளை, பீகாரின் வெயிலும் மண்ணும் தாமாகவே விளைவித்தன. டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவில் பண்டகசாலை வைத்து அதற்குப் போட்டியிட்டனர். 1757-ல் பிளாசி யுத்தம் முடிந்தது. 1758-ல் கிழக்கிந்தியக் கும்பினி மீர் ஜாபரிடமிருந்து வெடியுப்பு வியாபாரத்தின் ஏகபோக உரிமையைப் பெற்றது. அது முதல் நமது மண்ணின் நைட்ரஜன், பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குத் தீனியாயிற்று. வரத்துக் குறைந்த பிரான்ஸ், உள்நாட்டிலேயே வெடியுப்பு விளைவிக்க 1775-ல் லவாய்சியேயின் உதவியை நாடிற்று. நூனியாக்களுக்கோ அற்பக் கூலியைத் தவிர வேறு பயன் கிட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவின் சிலி தேசத்து வெடியுப்பு மலிவாகக் கிடைத்தது. நமது வியாபாரம் சரிந்தது. பின்னர் ஜெர்மனியிலிருந்து இரண்டு அடிகள் விழுந்தன. 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீகாரின் அவுரிச் சாகுபடி வீழ்ச்சியடைந்தது. அதே கம்பெனி, ஹேபர் 1909-ல் காட்டிய வழியைப் பின்பற்றி, 1913-ல் ஓப்பாவ் என்னுமிடத்தில் காற்றிலிருந்து அமோனியா செய்யும் ஆலையைத் தொடங்கியது. சிலி வெடியுப்பை பிரிட்டிஷ் கப்பற்படை தடுத்துவிட்ட பின்னும் முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி போரைத் தொடர முடிந்ததற்கு இதுவே பெருந்துணை. வேர் முடிச்சுக் கிருமி செய்யும் தொழிலை இப்போது மனிதன் பெரும் அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் செய்யத் தொடங்கினான். அது மகத்தான வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி சூரியனிடமிருந்து பயிர் வழியாகப் பெறும் சக்தியை, ஆலை நிலக்கரியிடமும் எரிவாயுவிடமும் கடன் வாங்க வேண்டியிருந்தது. அன்று வெடியுப்பு ஏற்றுமதி செய்த தேசம் இன்று எரிவாயுவும் யூரியாவும் இறக்குமதி செய்கிறது.

இனி, அந்த யூரியா நமது வயலில் என்ன கதி அடைகிறது என்று பார்ப்போம். தேங்கிய நீரில் தூவிய யூரியாவை மண்ணிலுள்ள ஒரு நொதி சில நாட்களுக்குள் அமோனியாவாக்குகிறது. பகலில் நீரிலுள்ள பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்துகொள்ள, அமோனியா ஆவியாகப் பறக்கிறது. இது முதல் வாசல். மண்ணின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டுமே பிராணவாயு புகும். அங்கே அமோனியா நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட் கீழே காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கியதும், அங்குள்ள கூட்டம் அதைப் பிடித்து ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகிறது. இது இரண்டாம் வாசல். மணற்பாங்கான நிலத்திலும் பெருமழையிலும் நைட்ரேட் கிணற்று நீருடன் கலக்கிறது. இது மூன்றாம் வாசல். வயலைக் காயவிட்டு மறுபடி நிரப்புவதும், மறுபடி காயவிடுவதுமாக இருந்தால் இரண்டாம் வாசல் இன்னும் அகலமாகத் திறக்கிறது.

இதில் மற்றொரு விபரீதமும் உண்டு. நெல் வயலின் நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலத்துக்குக் கொடுக்கின்றன. நெல் வயல்களில் அவற்றின் பங்கை 1939-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் நிரூபித்துக் காட்டியவர் பி. கே. தே என்னும் நம் நாட்டு விஞ்ஞானி. நல்ல நிலைமையில் ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ நைட்ரஜன் இப்பாசிகளால் கிடைக்கக்கூடும். ஆனால் யூரியாவை அள்ளித் தூவியதும், எளிதில் கிடைக்கும் உணவைக் கண்டு, இப்பாசிகள் தமது தொழிலை நிறுத்திவிடுகின்றன. கூலியில்லாமல் உழைத்துவந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலைக்கு அந்நிய தேசத்திலிருந்து விலை கொடுத்து ஆள் தருவிக்கிறோம்.

நஷ்டம் பொக்கிஷத்தோடு நிற்கவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தேசமெங்கும் சோதித்த நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருக்கிறது. சாக்கடையும் இதற்குக் காரணமாயினும் உரத்தின் பங்கை மறுக்க இயலாது. அவ்வரம்பைத் தாண்டிய நீர் பச்சிளங் குழந்தைகளுக்கு ஆபத்தானது. அன்றியும், இரண்டாம் வாசல் வழியாகப் போகும் நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாகப் போகிறது. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். 1980 முதல் 2020 வரை மனிதர் செயலால் உலகில் வெளியான இவ்வாயு 40 சதவிகிதம் அதிகரித்தது என்றும், அதிகமாக வெளியிடும் தேசங்களில் சீனாவும் இந்தியாவும் முன் நிற்கின்றன என்றும் 2024-ல் வந்த சர்வதேசக் கணக்கு கூறுகிறது. சூடேறிய பூமியில் மண்ணின் நுண்ணுயிர்கள் இன்னும் வேகமாக இயங்கும். நஷ்டம் இன்னும் பெருகும். நாம் விதைத்த வினை நம் வயலுக்கே திரும்பி வருகிறது.

இவ்வளவும் தெரிந்தும் குடியானவர் ஏன் யூரியாவைக் குறைக்கவில்லை? இங்கேதான் சட்டத்தின் பொறுப்பு வருகிறது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைச் சர்க்கார் நீக்கினர். யூரியாவின் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டனர். 2010-ல் சத்தின் அளவுக்கேற்ற மான்யம் என்ற நல்ல ஏற்பாடு வந்தது. அதிலிருந்தும் யூரியா விலக்கப்பட்டது. ஆகவே மற்ற உரங்களின் விலை ஏறிக்கொண்டே வர, யூரியா ஒன்று மட்டும் மலிவாக நின்றது. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களும் பொதுவாக 4:2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பர். 2022-23-ல் தழைச்சத்தின் பங்கு 4-க்குப் பதிலாகப் பத்துக்கும் மேல் போய்விட்டது. மண் பரிசோதனை அட்டை ஒன்று சொல்கிறது. விலைப் பலகை வேறொன்று சொல்கிறது. ஏழைக் குடியானவர் எதைக் கேட்பார்? விலையே பெரிய உபதேசம். அந்த உபதேசத்தைச் செய்தவர்கள் சர்க்கார். பழியை ஏற்பவர் குடியானவர்!

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. வேம்பின் பொருள்கள் நைட்ரேட்டாக்கும் கிருமிகளின் வேகத்தைத் தணிக்கும் என்று 1970-களின் தொடக்கத்திலேயே டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் காட்டினர். அதைத் தேசம் முழுவதும் கட்டாயமாக்கிய உத்தரவு 2015-ல்தான் வந்தது. சுதேசி மரத்தின் வித்தைக் கொண்டு நமது விஞ்ஞானிகளே கண்ட உண்மை, சட்டமாவதற்கு நாற்பது வருஷங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2021-ல் நானோ யூரியா என்ற புட்டி வந்தது. ஒரு புட்டி ஒரு மூட்டைக்கு ஈடு என்று விளம்பரமும் நடந்தது. அந்த 500 மில்லிலிட்டர் புட்டியில் நூற்றுக்கு 4 பங்கு நைட்ரஜன். அதாவது 20 கிராம். 45 கிலோ மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு, முழுப் பங்குக்கு ஈடாகும் என்பதைச் சாதாரண அறிவு ஏற்காது. மந்திரப் புட்டியால் தீரும் வியாதியன்று இது.

யூரியாவை இன்றே நிறுத்திவிடலாம் என்று கூறும் அவசரக்காரர்களுக்கு, நமது அயல் தேசமான இலங்கையின் அனுபவத்தை நினைவூட்டுகிறோம். 2021-ல் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ஷ, ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடுத்தார். மண்ணைத் தயார் செய்யவும் எருவைச் சேகரிக்கவும் அவகாசம் கொடுக்கவில்லை. அவ்வருஷம் நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதற்குள் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்து, சிங்களக் குடியானவரும் தமிழ்க் குடியானவரும் ஒருங்கே துன்புற்றனர். நுண்ணுயிர்கள் உத்தரவுக்கு அடங்குபவையல்ல. பட்டினி கிடந்த மண்ணை மீட்க வருஷங்கள் வேண்டும். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு ஆலை நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. வேண்டுவது விரயத்தை ஒழித்தல். உரத்தை ஒழித்தல் அன்று.

இது முடியாத காரியமுமன்று. உர உபயோகத்தின் வளர்ச்சியை 2020-க்குள் நிறுத்துவது என்று சீனா 2015-ல் திட்டமிட்டது. அதன்பின் அங்கு உபயோகம் குறைந்தது, தானிய விளைச்சல் குறையவில்லை. பிரேசில் தேசத்தில் யோஹன்னா டோபரைனர் என்ற விஞ்ஞானி, வேர் முடிச்சுக் கிருமிகளையே நம்பிச் சோயா பயிரிட வேண்டும் என்று வாதாடினார். இன்று உலகின் முதன்மையான சோயா உற்பத்தியாளராகிய அத்தேசம், அப்பயிருக்கு நைட்ரஜன் உரம் ஏறக்குறைய இடுவதேயில்லை. அதுவும் நம்மைப் போன்ற உஷ்ண தேசமே.

நம்மிடம் உள்ள சாதனங்களோ குறைவில்லை. தக்கைப்பூண்டை விதைத்து 45 முதல் 50 நாட்களில் மடக்கி உழுதால் ஹெக்டேருக்குச் சுமார் 60 கிலோ நைட்ரஜன் சேரும். அது ஏறக்குறைய மூன்று மூட்டை யூரியாவுக்குச் சமம். தண்டிலும் முடிச்சு விடும் மணிலா அகத்தியும், சணப்பும், கொளுஞ்சியும் நமது குடியானவர் அறிந்தவையே. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2024-25-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பசுந்தாள் உர விதைகளை மான்யத்தில் வழங்கத் தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் யூரியாவுக்குச் செல்லும் தொகையின் முன் இவற்றுக்குக் கிடைப்பது துரும்பு. அதே வருஷம் நமது தேசம் இறக்குமதி செய்த பருப்பு வகைகள் 70 லட்சம் டன்னுக்கு அதிகம். நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளும் பயிரை வெளிநாட்டில் வாங்கி, நைட்ரஜனையும் வெளிநாட்டில் வாங்குவது இரட்டை நஷ்டமல்லவா?

ஆகவே நமது யோசனைகள் இவை. முதலாவது, யூரியாவையும் 2010 ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து, அதன் விலையைப் பல வருஷங்களில் படிப்படியாகச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, அதனால் மிச்சமாகும் தொகையில் ஒரு காசும் பொக்கிஷத்தில் தங்கலாகாது; முழுவதும் சாகுபடி செய்பவருக்கே ரொக்கமாகச் சேர வேண்டும். பட்டாதாரருக்கு என்று நாம் சொல்லவில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வருஷம் 6,000 ரூபாய் உதவித் திட்டம் நிலவுடைமையை ஆதாரமாகக் கொண்டதனால், பட்டா இல்லாத குத்தகைதாரர் வெளியே நிறுத்தப்பட்டனர். அத்தவறு மீண்டும் நேர்ந்தால், விலையேற்றம் குத்தகைதாரருக்கும், உதவித் தொகை நிலக்காரருக்கும் போய்ச் சேரும். குத்தகைப் பதிவு ஒழுங்காகாமல் உர விலையைத் தொடுவது அநீதி.

மூன்றாவது, பசுந்தாள் விதைக்கும் பயறு வகைகளின் கொள்முதலுக்கும் நிச்சயமான ஏற்பாடு வேண்டும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு. உளுந்துக்கு வியாபாரியின் தயவு என்றிருந்தால், வயலில் நெல்லே நிற்கும். நான்காவது, யூரியாவை ஒரே முறையாகக் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பயிர் கேட்கும்போது பிரித்திடும் பழக்கத்தை ஒவ்வொரு கிராமத்திலும் செய்து காட்ட வேண்டும். அட்டையின் விலை சொற்பம். அதைக் கற்பிக்கும் ஊழியர்தான் இல்லை. ஐந்தாவது, உஷ்ணமும் மழையும் மாறிவரும் நமது மண்ணில் நுண்ணுயிர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஜில்லா தோறும் ஆராய விவசாய சர்வகலாசாலைகளுக்குப் பணம் வேண்டும். குளிர்தேசத்துக் கணக்கு நமது வயலுக்குப் பொருந்தாது.

தேசபக்தர்களாகிய இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உர வரிசையில் நிற்கும் குடியானவருக்காக மறியல் செய்வது நல்லது. மூட்டை கிடைக்கும் வரை அது அவசியமும்கூட. ஆனால் மூட்டை கிடைத்ததும் கிளர்ச்சி ஓய்ந்துவிட்டால், அடுத்த பருவத்தில் அதே வரிசை, அதே மறியல். கிராமத்துக்குச் செல்லுங்கள்; குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்வதற்கு வழக்காடுங்கள்; பசுந்தாள் விதை கேட்டு மனுக் கொடுங்கள்; உளுந்துக்குக் கொள்முதல் நிலையம் கேளுங்கள். அந்நியத் துணியை விலக்கிய தேசம், அதற்கு ஈடாகக் கதர் நூற்கக் கற்றது. அந்நிய நைட்ரஜனைக் குறைக்க விரும்பும் தேசம், தன் மண்ணிலுள்ள உழைப்பாளிகளுக்குத் தழையும் எருவும் கொடுக்கக் கற்க வேண்டும். கும்பினியார் காலத்தில் நமது மண்ணின் செல்வம் கப்பலேறிப் போயிற்று. அதைத் தடுக்க அன்று நமக்கு அதிகாரம் இல்லை. இன்று அது ஆவியாகவும் கழிவாகவும் போகிறது. இன்று அதிகாரம் நம் கையில் இருக்கிறது.